பிளம்பர் எடுத்த அளவு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான், இவர், பிள்ளை மூவரும் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்கிறீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் பதில் வருவதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் "இரு, அளவு கொடுக்க ஆள் வந்திருக்காங்க" என்று வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் நான் பேசி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

விஷயம் கொஞ்சம் பெரியது. ஆம்புலன்ஸில் இத்தனை வருஷமாக ஸ்ட்ரெச்சரின் ஒரு முனை என் கையில்தான் இருக்கிறது. இப்போது ஆபீசில் புது உத்தரவு போட்டிருக்கிறார்கள். நாற்பது தாண்டிய உதவியாளர்கள் எல்லாருக்கும் ஆகஸ்டில் தேர்வு. முதலில் டாக்டர் பார்ப்பார். அப்புறம் மணல் நிரப்பிய ஆளுயரப் பொம்மையை ஸ்ட்ரெச்சரில் கட்டி மாடிப்படி வழியாக மூன்று மாடி இறக்கவேண்டும். எங்கள் டிரைவர் அந்தப் பொம்மைக்கு 'மேனேஜர்' என்று பேர் வைத்திருக்கிறார். உட்கார வைத்தாலும் படுக்க வைத்தாலும் ஒத்துழைக்காதாம்.

இரண்டில் ஒன்றில் தவறினாலும் வண்டியிலிருந்து இறக்கி டெலிபோன் அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். அதே சம்பளம், ஏசி, சுழலும் நாற்காலி. பாதிப் பேர் அதற்காகவே தவறத் தயாராக இருக்கிறார்கள். என்னால் ஆகாது அக்கா. யாரோ மூச்சுக்குத் தவிப்பதைக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். எனக்கு ஓடிப்போய்ப் பிடிக்கவேண்டும், தூக்கவேண்டும்.

டாக்டரிடம் முன்கூட்டியே போய்க் காட்டினேன். ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறதாம். சர்க்கரையும் இப்போதோ அப்போதோ என்று நிற்கிறதாம். 'எடை குறைக்கவும்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். எப்படி என்று எழுதவில்லை. வெளியே கூட்டம் அப்படி. நீதான் ஒரு வழி சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
காலையில் எழுந்ததும் எடை மெஷின் முகத்தில் விழிக்கும்
உன் தங்கை

ஜனவரி 24

என் சின்னவளுக்கு அக்காவின் அன்பு,

நாங்கள் இருவரும் சுகம். கீழே அத்தானின் ரொட்டி அடுப்பும் மேலே என் தையல் மெஷினும் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கின்றன. பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறதா? மாப்பிள்ளைக்கு முதுகு வலி தேவலையா? குழாய் ரிப்பேருக்குக் குனிந்து குனிந்து அவர் நிமிரவே மறந்துவிடப் போகிறார்.

எடை குறைக்க வழி கேட்டிருக்கிறாய். இதற்கு டாக்டர் எதற்கு? வாயைக் கட்டு, அவ்வளவுதான். ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு விடு. காலையில் ஒரு ஆப்பிள், மத்தியானம் ஒரு கிண்ணம் சூப். பசித்தால் தண்ணீர் குடி. எண்ணெய், முட்டை, பருப்பு எல்லாம் கனம், தொடாதே.

சொன்னால் சிரிப்பாய். நானும் ஆரம்பித்துவிட்டேன். அளவு எடுக்கக் குனிந்தால் என் வயிறு எனக்கு முன்னால் போய் வாடிக்கையாளரை விசாரிக்கிறது. போன வாரம் ஒருத்தி, "எத்தனை மாசம்?" என்று கேட்டாள். நாற்பத்தாறு வயசில் கேட்கிற கேள்வியா இது? அன்றைக்கே நானும் ஒரு எடை மெஷின் வாங்கிவிட்டேன். கீழேயிருந்து சுடச்சுட ரொட்டி வாசனை வரும், நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு பட்டன் தைப்பேன். இதைவிடப் பெரிய தவம் உண்டா?

நமக்குள் ஒரு போட்டி. ஆகஸ்ட் வருவதற்குள் யார் அதிகம் குறைக்கிறார்கள் என்று பார்ப்போம். சின்ன வயசிலிருந்து எந்தப் போட்டியிலும் நீ என்னை ஜெயித்ததில்லை. ஞாபகம் இருக்கட்டும்.

உன் நலம் நாடும்,
பசித்தாலும் சிரிக்கும்
அக்கா

பிப்ரவரி 26

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம், என் வலது கைப் பெருவிரலைத் தவிர. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன். அத்தானையும் கேட்டதாகச் சொல்.

நீ சொன்னபடியே வாயைக் கட்டினேன். எடை மெஷின் முள் மளமளவென்று இறங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். இவர்கூட, "என்ன, பாதியா போயிட்ட?" என்றார். அதே சந்தோஷத்தோடு போன வாரம் ஒத்திகைக்குப் போனேன். டிரைவர் தலைமாட்டைப் பிடித்தார், நான் கால்மாட்டைப் பிடித்தேன். ஒரு மாடி இறங்கவில்லை, கை நடுங்க ஆரம்பித்தது. விரல்கள் ஒவ்வொன்றாக என் பேச்சைக் கேட்காமல் விரிந்தன. மேனேஜர் படியில் தடதடவென்று உருண்டு போனார். பெருவிரல் ஸ்ட்ரெச்சருக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. டிரைவர் தன் பாட்டுக்கு இறங்கிப்போய் மேனேஜரைத் தூக்கி நிமிர்த்தினார். அவர் திட்டியிருந்தால் தேவலை. இத்தனை வருஷத்தில் நான் ஒருவரையும் நழுவ விட்டதில்லை அக்கா. அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் டயர் கடைக்கு மேலே இருக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். அங்கே சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு என் வயசில் பாதிதான் இருக்கும். சிரிக்கவே தெரியாது. நான் சாப்பிட்டதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீங்க கரைச்சது கொழுப்பு மட்டும் இல்லீங்க. தூக்குற சதையையும் சேர்த்துக் கரைச்சுட்டீங்க. வீட்டுல குப்பையக் கொட்டச் சொன்னா, குப்பையோட அலமாரியையும் கொட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

அவள் சொன்ன வழி இது. ஒவ்வொரு வேளையும் முட்டையோ மீனோ பருப்போ தயிரோ கட்டாயம். சோறு ஒரு கரண்டி குறைவு, சர்க்கரைக்கும் பலகாரத்துக்கும் டாட்டா. வாரத்தில் மூன்று நாள் இரும்பு தூக்கவேண்டும், மற்ற நாளில் நடக்கவேண்டும். டியூட்டி முடிந்தால் போனை நோண்டாமல் தூங்கவேண்டும். கொழுப்பு மெல்லத்தான் போகும், சதை அதைவிட மெல்ல வரும், பொறுமை இல்லாவிட்டால் இப்போதே கிளம்பலாம் என்றாள். நான் கிளம்பவில்லை.

அன்புடன்,
மேனேஜரைக் கீழே போட்ட
உன் தங்கை

மார்ச் 21

சின்னவளுக்கு,

பெருவிரல் வீக்கம் வடிந்ததா? ஐஸ் வைத்தாயா? இங்கே நானும் அத்தானும் குறைவில்லாமல் இருக்கிறோம்.

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். மேனேஜர் உருண்ட இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எடை குறைக்கச் சொன்னால் மூன்று வேளையும் முட்டை தின்றுகொண்டு இரும்பைத் தூக்குகிறேன் என்கிறாய். பொம்பளைக்குக் கை எதற்குப் பெருக்கவேண்டும்? நாளைக்கு உனக்குச் சட்டை தைக்கத் தலையணை உறை அளவுக்குத் துணி எடுக்கவேண்டியிருக்கும்.

என்னைப் பார். சொன்னபடி வாயைக் கட்டினேன், ஏழு கிலோ இறங்கிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள், "அக்கா, என்ன ரகசியம்?" என்று கேட்காமல் போவதில்லை. பழைய கவுன்களை எல்லாம் பிரித்துப் பிடித்துக்கொண்டேன். "எத்தனை மாசம்" என்று கேட்டவள் நேற்று வந்தாள், அவள் கண்ணெதிரே வேண்டுமென்றே நாலு தடவை குனிந்து நிமிர்ந்தேன்.

இஸ்திரி போட மட்டும் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டேன். அந்தப் பெட்டி முன்பைவிடக் கனமாக இருக்கிறது, பழசானால் அப்படித்தான் போலிருக்கிறது. இந்த வருஷம் இங்கே குளிரும் விட்டபாடில்லை. எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து நடக்கிறார்கள், நான் மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தைக்கிறேன்.

நீ தோற்றுக்கொண்டிருக்கிறாய் என்பதை அன்போடு தெரிவிக்கும்,
அக்கா

ஏப்ரல் 28

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் ஏழு கிலோவுக்கு வாழ்த்துகள். வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

என் கதையைக் கேட்காதே. இரும்பைத் தூக்கித் தூக்கிக் கை காய்த்துப்போனதுதான் மிச்சம். பட்டினியில் இறங்கினதில் பெரும்பகுதி திரும்ப ஏறிவிட்டது, அதற்கப்புறம் எடை மெஷின் முள் ஒரே இடத்தில் நிற்கிறது. பழுதோ என்று பிள்ளையின் புத்தகப்பையை வைத்துப் பார்த்தேன், அது சரியாகத்தான் காட்டுகிறது. பயிற்சிக்காரப் பெண்ணிடம் புலம்பினால், "அந்த மெஷினத் தூக்கிப் பரண்ல போடுங்க" என்கிறாள். அவளுக்கென்ன? டாக்டர் பரணில் ஏறியா எடை பார்ப்பார்?

ஒன்று மட்டும் உண்மை. நன்றாகத் தூங்குகிறேன். சாப்பாடு ருசிக்கிறது. போன வாரம் ஒரு தாத்தாவை நாலாவது மாடியிலிருந்து இறக்கினோம், கீழே வந்த பிறகுதான் வழியில் எங்கேயும் நிற்கவில்லை என்பது உறைத்தது. டிரைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் டாக்டரின் காகிதத்தில் இரண்டு கோடு போட்டிருப்பது எடைக்கு அடியில்தானே?

தேர்வுக்குப் புது யூனிபார்ம் வேண்டும் அக்கா. பழசு எப்படியோ இருக்கிறது, எங்கெங்கேயோ பிடிக்கிறது, எங்கெங்கேயோ தொங்குகிறது. அளவு இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. இவர்தான் எடுத்தார். குழாய் அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார், நல்லவேளை துணி டேப்பைக் கையில் திணித்தேன். மூச்சை இழுக்காதே, நேராக நில் என்று என்னை ஒரு வழி பண்ணிவிட்டார்.

நகராத முள்ளோடு மல்லுக்கட்டும்,
உன் தங்கை

மே 22

சின்னவளுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். சட்டையும் கால்சட்டையும் பார்சலில் வருகின்றன.

மாப்பிள்ளை எடுத்த அளவைப் பார்த்துத் தலை சுற்றிவிட்டது. உன் பழைய அளவு எனக்கு மனப்பாடம். இவர் கணக்குப்படி இடுப்பில் மூன்று அங்குலம் குறைந்திருக்கிறது, கைச்சுற்றும் தோளும் கூடியிருக்கின்றன. எடையும் நகரவில்லை என்கிறாய். இருபது வருஷமாக எத்தனை பேர் உடம்பை அளந்திருக்கிறேன். பெருத்தால் எல்லா இடமும் பெருக்கும், இளைத்தால் எல்லா இடமும் இளைக்கும். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்க உடம்பு என்ன தராசுத் தட்டா? அவர் டேப்பை இடுப்பில் இறுக்கி, கையில் தொளதொள என்று விட்டிருக்கிறார். குழாய்க்கு எப்படிப் பிடித்தாலும் ஒன்றுதான், மனுஷிக்கு அப்படியா? நான் திருத்தி, பழைய அளவை ஒட்டியே தைத்துவிட்டேன். கச்சிதமாக இருக்கும் பார். கோபித்துக்கொள்ளவேண்டாம் என்று சொல்.

தைக்கப் பத்து நாள் ஆகிவிட்டது. மெஷின் மோட்டார் மந்தமாகிவிட்டது, மாற்றவேண்டும். நான் இன்னும் இரண்டு கிலோ குறைந்துவிட்டேன்.

அக்கா

மே 30

அன்பு அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமா? இங்கே நலத்துக்கும் மேலே. சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கிறது.

பார்சல் வந்ததும் ஆசை ஆசையாகச் சட்டையைப் போட்டேன். கை முழங்கைக்கு மேலே ஏறவில்லை. கொஞ்சம் எக்கி இழுத்தேன், தோள் தையல் சர்ரென்று போய்விட்டது. சரி, கால்சட்டையையாவது பார்ப்போம் என்று போட்டு, பட்டன் மாட்டி, கையை எடுத்தேன். அது நேராகத் தரைக்கு வந்துவிட்டது. பிள்ளை ஒரு மூலையில் உருண்டு சிரிக்கிறது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. உன் கடிதத்தை எடுத்து, அவரைப் பற்றி எழுதியிருந்த வரிகளை மட்டும் சத்தமாகப் படித்தார். அப்புறம் டேப்பைக் கொண்டுவந்து மறுபடி அளந்தார். இடுப்பு இன்னும் அரை அங்குலம் உள்ளே போயிருக்கிறது.

உன்னைக் குறை சொல்லவில்லை அக்கா. நீ சரியாகத் தைத்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. இத்தனை நாள் ஒன்றுமே நடக்கவில்லை என்று இடிந்துபோயிருந்தேன். கொழுப்பு போன இடத்தில் சதை வந்திருக்கிறது, முள் அதனால்தான் நகரவில்லை. இதைத்தான் அந்தச் சிடுமூஞ்சிப் பெண் மூன்று மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உன் சட்டை கிழிந்த பிறகுதான் எனக்கு ஏறியது.

இனி உன்னைக் கேட்கிறேன், தங்கையாக இல்லை, ஆம்புலன்ஸ்காரியாகக் கேட்கிறேன். மந்தமானது மெஷினா, நீயா? மே மாசத்தில் ஸ்வெட்டர் எதற்கு? எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா? சீவினால் முடி கொத்தாக வருகிறதா? இப்படி இருக்கிறவர்களைத்தான் நான் தினமும் தூக்குகிறேன். போட்டியில் நீயே ஜெயித்ததாக எழுதித் தருகிறேன். தயவுசெய்து சாப்பிடு. உடனே பதில் போடு.

கவலையோடு,
உன் தங்கை

ஜூன் 20

அன்புள்ள கொழுந்தியாளுக்கு,

அத்தான் எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமா? இங்கே உன் அக்கா சுகமாக இருப்பதாக எழுதச் சொன்னாள். வேலை அதிகமாக இருப்பதால் அவளால் எழுத முடியவில்லை என்றும் எழுதச் சொன்னாள். கவலைப்படும்படி ஒன்றும் எழுதக்கூடாது என்றும் சொன்னாள். எனவே வேறொன்றும் எழுதவில்லை. இப்போது முட்டை போட்ட ரொட்டி ஒன்று புதிதாகப் போடுகிறேன். உன் அக்கா சாப்பிடுகிறாள்.

அத்தான்

ஜூலை 4

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்டால் அத்தான்தான் பதில் எழுதுகிறார். அவருக்குப் பொய் சொல்ல வராது என்பது உனக்கே தெரியும். போன் செய்தால், "குளிக்கிறா" என்கிறார். ஒரே நாளில் எத்தனை முறை குளிப்பாய்? லீவு கேட்டேன், தேர்வு முடியும்வரை யாருக்கும் கிடையாது என்கிறார்கள். ஒரு ராத்திரி பயணம், ஒரு பகல் உன்னோடு. அதற்குக்கூட வழியில்லை.

எனக்கும் மனசு சரியில்லை. நேற்று மேலதிகாரி கூப்பிட்டு, நாற்பதுக்கு மேல் இருக்கும் பெண்கள் எல்லாரும் டெலிபோன் அறைக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள், நான் ஒருத்திதான் பாக்கி என்றார். "எதுக்கும்மா இந்த வயசுல கஷ்டப்படணும்?" என்று நல்லவிதமாகவே கேட்டார். வீட்டுக்கு வந்து எடை மெஷினில் ஏறினேன். ஜனவரியில் இருந்ததற்கு இரண்டு கிலோதான் குறைவு. டாக்டர் அதை மட்டும் பார்த்தால் என் கதை அவ்வளவுதான். பலர் முன்னால் தவறுவதைவிட நானே எழுதிக்கொடுத்துவிட்டால் மானம் மிஞ்சுமே என்று தோன்றுகிறது. எழுதிக்கொடுத்தால் லீவும் கிடைக்கும், உன்னையும் வந்து பார்ப்பேன்.

நீ சொல்வதைப் பொறுத்து முடிவு செய்யலாம் என்று காகிதத்தைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

உன் தங்கை

ஜூலை 19

என் கண்ணே, சின்னவளே,

இப்போது நான் உண்மையிலேயே சுகம். கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல், நேற்றுத்தான் கட்டுப் பிரித்தார்கள். ஆறு வாரம் ஊசியில் நூல்கூடக் கோக்க முடியவில்லை. உனக்குத் தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாய், தேர்வு கெட்டுவிடும் என்றுதான் மறைத்தேன். அத்தான் பாவம், குளிக்கிறாள் என்பதைத் தவிர வேறு பொய் அவருக்குத் தோன்றவில்லை.

உன் கடிதம் வந்த வாரம் அது. நீ கேட்ட கேள்வி அத்தனைக்கும் பதில் ஆமாம் என்பதுதான். அந்தக் கோபத்தில், எனக்கென்ன குறை என்று காட்டுவதற்காகவே, காக்கித் துணி ரோலை ஒருத்தியாகத் தூக்கி மேஜையில் போடப் போனேன். தினம் தூக்குகிற ரோல்தான். கண் இருட்டியது. கண் திறந்தபோது தரையில் கிடக்கிறேன், ரோல் கைமேல் கிடக்கிறது. எழுந்திருக்க உடம்பில் தெம்பு இல்லை. அத்தான் தூக்கிப் பார்த்தார், எங்கள் மாடிப்படி அகலம் உனக்குத் தெரியும், அவரால் முடியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அந்தப் பெண்ணுக்கு உன் வயசு இருக்கும், உன்னைவிடக் குட்டை. ஸ்ட்ரெச்சரில் என்னைக் கட்டினார்கள். படியின் வளைவில் அவள் பக்கம்தான் முழுக்கனமும் சாய்ந்தது. எனக்கு உயிர் போகிற வலி, அந்த வலியிலும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் ரொம்ப கனம்மா, மன்னிச்சுக்கம்மா" என்றேன். ஒன்பது கிலோ இளைத்துவிட்டு, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கிடந்துகொண்டு, என் கனத்துக்கு மன்னிப்புக் கேட்டேன்.

"பேசாம படுங்கம்மா. நான் பிடிச்சிருக்கேன்" என்றாள்.

கால்மாட்டைப் பிடித்த அவள் கை என் கண்ணுக்கு நேரே தெரிந்தது. யூனிபார்ம் கை அவள் தோளில் தையல் தெறிக்கிற மாதிரி இறுகியிருந்தது. பொம்பளைக்குக் கை எதற்குப் பெருக்கவேண்டும் என்று உனக்கு எழுதினேனே, அதற்குப் பதில் அந்தப் படியில் கிடைத்தது.

டாக்டர் சொன்னது அந்தச் சிடுமூஞ்சிப் பெண் சொன்னதேதான். இரத்தம் குறைவு, சதை போய்விட்டது, பாதிக்குமேல் தண்ணீரையும் சதையையும்தான் இறக்கியிருக்கிறேனாம். வயிறு என்னமோ அங்கேயேதான் இருக்கிறது. இப்போது தினம் முட்டை சாப்பிடுகிறேன். இடது கையில் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குகிறேன், அத்தான் எண்ணுகிறார், அடிக்கடி எண்ணிக்கை மறந்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

பையில் இருக்கும் காகிதத்தைக் கிழித்துப் போடு. நீ டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் என்னை மாதிரி படியில் கிடக்கிறவளை யார் தூக்குவார்கள்? தேர்வில் தவறினால் தவறிவிட்டு வா, எழுதிக்கொடுத்துவிட்டு வராதே. புதுச் சட்டையையும் கால்சட்டையையும் இன்றைக்கே வெட்டுகிறேன். மெதுவாகத்தான் தைக்க முடியும், ஆனால் ஆகஸ்டுக்குள் வரும். மாப்பிள்ளை சொன்ன அளவில் ஒரு நூல் மாற்றமாட்டேன். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன்னை நம்பியிருக்கும்,
அக்கா

ஆகஸ்ட் 23

அன்பு அக்காவுக்கு,

உன் கை எப்படி இருக்கிறது? வலி முழுதும் போய்விட்டதா? உன் கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுக்க அழுதேன், மறுநாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன், மூன்றாவது நாள் காகிதத்தைக் கிழித்தேன். இனி எனக்குத் தெரியாமல் விழுந்தால் பார்.

நேற்றுத் தேர்வு. சட்டை உடம்போடு பிறந்த மாதிரி இருந்தது. டாக்டர் எடையைப் பார்த்தார், ஜனவரி எடையைப் பார்த்தார். "பெருசா குறையலையே" என்றார். இடுப்பையும் பாருங்கள் டாக்டர் என்று மெல்லச் சொன்னேன். டேப்பைச் சுற்றினார். எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றினார். அப்புறம் இரத்தப் பரிசோதனையைப் புரட்டினார், சர்க்கரை இறங்கியிருக்கிறது, ஈரலும் தெளிந்திருக்கிறது. "எனக்கு வேண்டியது இதுதான். எடைன்னு நான் எழுதுனது பாதி விஷயம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது மேனேஜர். டிரைவர் தலைமாட்டில், நான் கால்மாட்டில். இரண்டு மாடி எப்படி வந்தோம் என்றே தெரியவில்லை. மூன்றாவது மாடி வளைவில், மேற்பார்வைக்கு நின்றவர் திடீரென்று கையைக் காட்டி நிறுத்தினார். நோயாளிக்கு மூச்சுத் திணறுகிறது, ஆக்சிஜன் மாட்டும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நில்லுங்கள் என்றார். இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. படியில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. முழுக்கனமும் என் பக்கம். கை எரிந்தது. பிப்ரவரியில் விரிந்த அதே விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் ஆக்சிஜன் மாட்டுகிற மாதிரி என்னென்னவோ செய்துகொண்டேயிருந்தார். டிரைவர், "விட்டுடாதம்மா" என்றார். விடவில்லை அக்கா. அந்த வளைவில் கட்டிக் கிடந்தது எனக்கு மேனேஜராகத் தெரியவில்லை.

கீழே இறக்கி வைத்ததும் டிரைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை. இன்று காலையிலிருந்து மறுபடி வண்டியில்தான் இருக்கிறேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த மாதம் லீவு கொடுத்துவிட்டார்கள், மூன்று பேரும் வருகிறோம். அத்தானை முட்டை ரொட்டி தயாராக வைக்கச் சொல்.

வண்டியிலிருந்தே எழுதும்,
உன் தங்கை

செப்டம்பர் 11

சின்னவளுக்கு,

அத்தானும் நானும் நலம். நீ ஜெயித்த செய்தியை அவர் ரொட்டி வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லி, பாதிப் பேருக்கு ரொட்டி கொடுக்க மறந்து அனுப்பிவிட்டார். நீங்கள் வருகிற நாளுக்காகக் காத்திருக்கிறோம்.

நேற்றுக் கடையில் ஒன்று நடந்தது. உன்னிடம் சொல்லாமல் ராத்திரி தூக்கம் வரவில்லை. என்னைத் தூக்கிய அந்தப் பெண் யூனிபார்ம் தைக்க வந்தாள். எங்கே தைத்தாலும் கை பிடிக்கிறது, தூக்கும்போது தோளில் தெறிக்கிறது, யாரோ இந்தக் கடையைச் சொன்னார்கள் என்றாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அவளுக்கு என்னைத் தெரியவில்லை. கையை அளந்தேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை அளந்தேன், ஒரு நூல்கூடத் திருத்தாமல் எழுதிக்கொண்டேன். அப்புறம் பொறுக்க முடியாமல், ஜூன் மாசம் இதே படியில என்னைத்தான் இறக்கினீங்க, ஞாபகம் இருக்கா என்று கேட்டேன்.

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, இல்லை என்றாள்.

"நான் ரொம்ப கனமா இருந்தேனாம்மா?"

"கனமா இருந்திருந்தா ஞாபகம் இருந்திருக்கும்மா" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. பயந்துபோய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், உட்காருங்கள் என்று சொல்லி, கீழே போய் அத்தானிடம் இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒரே மூச்சில் படி இறங்கி ஏறினேன், எங்கேயும் நிற்கவில்லை. சாப்பிட்டு முடித்துவிட்டு, காக்கி ரோலைத் தூக்கி மேஜைமேல் போட்டு அவளுடைய சட்டைக்கு வெட்ட ஆரம்பித்தேன்.

நான் இரண்டு கிலோ கூடியிருக்கிறேன். யாரிடமும் சொல்லாதே என்று எழுத வந்தேன். வேண்டாம், எல்லாரிடமும் சொல்.

உன்னை வாரி அணைக்கும்,
கனமான
அக்கா